மலைக்கு எவ்வளவு தூரத்தில் வீடு வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் கோவையில் குடியேறுவது, குடியிருப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அரசுப் பள்ளிகளில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை.

நானும் கணவரும் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். அடுத்த வருடம் கோவைக்கே வந்துவிடுவதாக முடிவு. தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு லேஅவுட்டில் மனை பார்த்திருக்கிறோம். மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். ஊருக்குள் கேட்கிற விலையைவிடக் குறைவு. வாங்கலாமா டீச்சர்?
– வாசகி, மடிப்பாக்கம்

வேண்டாம் அம்மிணி. மழுப்பாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைக்கு வாருங்கள், நல்ல ஊர். ஆனால் மலையடிவாரத்தில் மனை வாங்காதீர்கள்.

நீங்கள் பார்த்த அந்த இடம் எனக்குத் தெரிந்த மண். என் சிறுவயதில் அங்கெல்லாம் மானாவாரியில் சோளமும் கடலையும் போடுவார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தவர்கள் மஞ்சள், வெங்காயம் போடுவார்கள். சோளம் கதிர் பிடிக்கிற காலத்தில் அப்பா பரண் மேல் படுத்துக்கொள்வார். தகர டப்பா ஒன்றும் அரிக்கேன் விளக்கும் பக்கத்தில் இருக்கும். காட்டோரத்துத் தோட்டம் என்றால் காவல் இல்லாமல் பண்ணயம் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். அது யானைக்கும் பன்றிக்கும் மனுசனுக்கும் நடுவில் இருந்த இடம். யாரும் அங்கே வீட்டைக் கட்டி விளக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு அதே இடத்தில் கல் நட்டு, வளைவு கட்டி, ‘மலைக்காற்று’ என்று விளம்பரம் செய்கிறார்கள்.

விலை ஏன் குறைவு என்று கேட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே ஆட்டோ வராது. பஸ் கொஞ்சம்தான். பிள்ளைக்கு டியூஷன் முடிந்து வர நேரமானால் நீங்கள் வாசலில் நின்று தவிக்க வேண்டும். காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்க்க வேண்டும். இதையெல்லாம் மனை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

அதையும் மீறி வாங்கித்தான் ஆவோம் என்றால், பத்திரம் எழுதும் முன் சிலவற்றையாவது பாருங்கள். அந்த வருவாய்க் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா? ‘ஹாகா’ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பட்டியலில் இருந்தால் அதன் அனுமதி இல்லாமல் கட்டடம் கட்ட முடியாது. நகர ஊரமைப்புத் துறையின் டி.டி.சி.பி. அங்கீகாரம் மட்டும் காட்டினால் போதாது. அடுத்து, கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, மனைக்குள்ளோ ஓரத்திலோ பள்ளம் ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். வேசகாலத்தில், அதாவது கோடையில், பார்த்தால் வெறும் மணல் தடம்தான். மலைமேல் ஒரு நல்ல மழை பெய்தால், கீழே ஒரு சொட்டு விழாதபோதும், செந்தண்ணீர் உருட்டிக்கொண்டு வரும். பள்ளத்தை மூடி மனை போட்ட லேஅவுட்டுகள் நிறைய இருக்கின்றன. மூன்றாவது, காப்புக்காட்டு எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தரகரிடம் கேட்காதீர்கள். அங்கே மாடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள்.

மலை கண்ணில் பட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு மலையடிக்குப் போக வேண்டியதே இல்லை. நான் இருப்பது கவுண்டம்பாளையத்தில். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது வடக்கே குருடிமலையும் மேற்கே மருதமலையும், வானம் வெளுத்திருந்தால் அதற்குப் பின்னால் வெள்ளிங்கிரியும் தெரியும். கணபதி, சாய்பாபா காலனி, பீளமேடு, எங்கேயும் இரண்டாம் மாடி போதும். மலையிலிருந்து தள்ளி இருந்தால்தான் அது முழுசாகத் தெரியும். அடியில் போய் நின்றால் முன்னால் இருக்கும் ஒரு சரிவு மட்டும்தான் தெரியும். நாம் தள்ளியிருப்பது மலைக்கும் நல்லது.

நாகையிலிருந்து மகனின் வேலைக்காக இங்கே வந்திருக்கிறோம். மலையை ஒட்டிய ஊர், மழை கொட்டும் என்று நினைத்தோம். ஜூன், ஜூலையில் காற்றுதான் கதவைப் பிடித்து ஆட்டுகிறது. மழையைக் காணோமே?
– வாசகர், சிங்காநல்லூர்

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து, மேலே ஏற்றி, குளிரவைத்து, கேரளப் பக்கமே பெரும்பாலான மழையை இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைவு. நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி. கோவை மாநகருக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 600, 700 மில்லிமீட்டர்தான். உங்கள் நாகையில் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றே இதைத் தாண்டிவிடும். ஆனால் இதே மாவட்டத்தில், வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்!

காற்றுக்கு வேறு காரணம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டும் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்களைக் கொண்டவை. இரண்டுக்கும் நடுவில், பாலக்காட்டுப் பக்கம், 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். நீண்ட சுவரில் யாரோ ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்தது போல. பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்து வரும்போது வேகம் பிடிக்கிறது. நாங்கள் அதை மேகாத்து என்போம். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். சில நாள் அதோடு சாரலும் வரும். குடை பிடிக்கிற அளவுக்கு இருக்காது, சட்டை மட்டும் நனையும்.

நமக்கு உண்மையான மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலும் நவம்பரிலும். அதற்கு முன் சித்திரையில் சில நாள் பொழுதோட இடி இடித்துக் கோடை மழை பெய்யும்.

கோவை குளுகுளு ஊர் என்று வெளியூர்க்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் வந்து பாருங்கள். ஏரிகளைச் சுற்றி இருந்த வயலும் தோப்பும் போய், மேட்டுப்பாளையம் ரோடு, அவினாசி ரோடு ஓரத்துப் பெரிய மரங்களும் ரோட்டை அகலப்படுத்தப் போய்விட்டன. மலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஊர் குளிர்ந்துவிடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கும் காற்று மட்டும் இன்னமும் அப்படியே இருக்கிறது, அதற்காக நான் ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

அப்படி ஒரு பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை. யாராவது காட்டினால் பார்க்கிறேன். ஆனால் தண்ணீர் இனிப்பு என்பது நிஜம். அதற்குப் பட்டியல் தேவையில்லை, ஒரு டம்ளர் போதும்.

காரணம் மலைதான். அணைக்குத் தண்ணீர் வருவது சோலைக்காடும் புல்வெளியுமாக இருக்கும் மேட்டிலிருந்து. வழியில் ஊர் இல்லை, வயல் இல்லை, சாயப்பட்டறை இல்லை. பாறை கெட்டியான பாறை என்பதால் அதிலிருந்து உப்பு அதிகம் கரைந்து வருவதில்லை. துவரம்பருப்பு அதில் எத்தனை சீக்கிரம் மலர்ந்து வேகிறது என்று கோவைப் பெண்களைக் கேளுங்கள். அதே பருப்பைப் போர்த் தண்ணீரில் போட்டால் விசில் விசிலாக வைத்தாலும் முழி முழியாக நிற்கும். இங்கே வீட்டுக்கு வீடு இரண்டு குழாய் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், எத்தனை ரூம் என்று கேட்பதற்கு முன்னால் நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது என்றுதான் கேட்போம்.

இந்தத் தண்ணீர் சும்மா வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் குடிநீருக்குத் தவித்தது. பிறகு பிளேக் வந்தது. இன்றைக்கும் நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. பத்திரிகையாளரான எஸ்.பி. நரசிம்மலு நாயுடு சிறுவாணி மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று விடாமல் வலியுறுத்தினார். 1922-ல் அவர் இறந்துபோனார். தண்ணீர் வந்தது 1930-ஐ ஒட்டித்தான், அவர் குடிக்கவில்லை. நகராட்சித் தலைவராக இருந்து அதற்குப் பாடுபட்டவர்களில் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் ஒருவர். ஆர்.எஸ். புரம் என்பது அவர் பெயர்தான். அங்கே காபி குடிக்கப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது இருக்கும் பெரிய அணை, தமிழ்நாடும் கேரளமும் 1973-ல் செய்த ஒப்பந்தப்படி கட்டப்பட்டது. அணை நிற்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. ஜூலையில் கோவைப் பத்திரிகைகளைப் பாருங்கள், அணை எத்தனை அடி என்று தினமும் போடுவார்கள். மொத்தம் 50 அடி. நகருக்குள் துளி மழை இல்லாத நாளில்கூட, ‘சிறுவாணி 40 அடி’ என்று படித்தால் எங்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஊர் முழுக்கச் சிறுவாணி கிடைக்கிறது என்று நினைக்காதீர்கள். ஊர் பெருத்த அளவுக்கு அது போதாது. பாதிக்கு மேல் பவானி ஆற்றிலிருந்து பில்லூர் திட்டத்தில் வருகிறது, தெற்கே சில பகுதிகளுக்கு ஆழியாறு. மூன்றும் மலைத் தண்ணீர்தான்.

எங்கள் தெருவுக்கு இரவில் யானை வருகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்துவிட்டது. பிள்ளைகள் பயந்து தூக்கத்தில் அலறுகிறார்கள். வாடகை வீடுதான், ஆனால் என் வேலை இங்கே. என்ன செய்ய?
– வாசகி, தடாகம் வட்டாரம்

முதலில் பிள்ளைகளிடம் யானையைப் பேய் மாதிரி சொல்லாதீர்கள். வழியில் பசிக்குச் சாப்பாடு தேடுகிற பெரிய பிராணி, நாம் அதன் பாதையில் இருக்கிறோம், அதனால் ஒதுங்கி நிற்கிறோம் என்று சொல்லுங்கள். காரணம் புரிந்தால் பயம் பாதியாகும்.

அடுத்து வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சமையலறைச் சுவரைத்தான் இடித்தது, படுக்கை அறையை இல்லை. அரிசி மூட்டை எங்கே இருந்தது? யானையின் மூக்குக்கு அரிசி, உப்பு, மாட்டுக்கு வைத்திருக்கும் புண்ணாக்கு, தவிடு எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், வாரத்துக்கு வாங்குங்கள். மூடி இறுகிய டிரம்மில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். வீட்டைச் சுற்றிப் பலாவோ வாழையோ இருந்தால் பழுக்க விடாமல் இறக்கிவிடுங்கள். எச்சில் இலை, சோறு, காய்கறிக் கழிவு எதையும் வெளியே கொட்டாதீர்கள்.

விடியும் முன் வெளியே போகாதீர்கள். இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பலர் இருட்டில் ஒதுங்கப் போனவர்கள், வாசலுக்கு வந்தவர்கள், சைக்கிளிலும் பைக்கிலும் அதிகாலை வேலைக்குக் கிளம்பியவர்கள். வெளியே கழிப்பறை என்றால் உள்ளே மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் அடம் பிடியுங்கள். வாழை முறிகிற சத்தம் கேட்டால் அப்படியே நில்லுங்கள். ஈரத்துணியைக் கிழிப்பது போல இருக்காது, ‘மொடமொட’ என்று நீர் நிறைந்த தண்டு உடையும் சத்தம். யானை தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் குருத்தைத் தின்றுவிட்டு மட்டையைப் போட்டுவிடும். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் நீங்கள் மிகப் பக்கத்தில் இருக்கிறீர்கள். டார்ச் அடிக்காதீர்கள், பட்டாசு போடாதீர்கள், செல்போனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வனத்துறையின் யானை விரட்டும் குழுவைக் கூப்பிடுங்கள். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

‘பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விட்டால் என்ன’ என்று கேட்பீர்கள். சின்னத்தம்பி யானையை நினைவிருக்கிறதா? 2019 ஜனவரியில் உங்கள் தடாகத்தில்தான் பிடித்தார்கள். டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளில் மலையிறங்கி, உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். இப்போது அது கும்கி, காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய யானை. அதற்கு முன் 2016-ல் மதுக்கரையில் பிடித்த மகராஜ் கூண்டிலேயே செத்துப்போனது. எனக்கு அந்த இரண்டு செய்தியும் இன்றுவரை ஆறவில்லை.

யானை ஒரு காட்டில் நின்று வாழ்கிற பிராணி இல்லை. சத்தியமங்கலம், முதுமலைப் பக்கமிருந்து மேட்டுப்பாளையம் கல்லாறு வழியாக, மலையடியை ஒட்டியே நடந்து, போளுவாம்பட்டி, மதுக்கரை, வாளையாறு தாண்டிக் கேரளக் காட்டுக்குப் போகும், திரும்பும். மேலே செங்குத்து, ஏற முடியாது. கீழே நாம். நடுவில் இருக்கும் அந்த ஒடுங்கிய பட்டையில்தான் செங்கல் சூளையும் கல்லூரியும் ரிசார்ட்டும் லேஅவுட்டும் வந்தன. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வெட்டி வெட்டி எத்தனை ஆழத்துக்குக் குழி விட்டார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வழக்குகளுக்குப் பின் 2021-ல் சூளைகளை மூடினார்கள். அதே வருடம் நவம்பரில் நவக்கரைப் பக்கம் ரயில் மோதி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. அதற்குப் பிறகுதான் தண்டவாளத்தின் அடியில் யானை கடக்கப் பாதை, 2024-ல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் எல்லாம் வந்தன. யானை பக்கத்தில் வந்தால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. நல்ல வேலை. மனம் வைத்தால் முடியும் என்று அதில் தெரிகிறது.

உங்கள் வேலையிடத்துக்கு நகரப் பக்கமிருந்து பஸ் இருந்தால், வருடம் முடிந்ததும் வீட்டை மாற்றிவிடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

கோவையில் பிறந்து வளர்ந்தவன். ஆறு மாதமாகச் சென்னையில் வேலை. எந்தப் பக்கம் போகிறேன் என்றே தெரிவதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– வாசகர், வேளச்சேரி

எல்லாக் கோவைக்காரருக்கும் இதே கதைதான் தம்பி. நமக்கு மலை இருக்கும் பக்கம் மேற்கு. சின்னக் குழந்தைகூட மருதமலையைப் பார்த்துத் திசை சொல்லும். மின்னல் எந்த மலைமேல் வெட்டுகிறது என்று பார்த்து, கொடியில் துணி எடுக்கலாமா வேண்டாமா என்று அம்மா முடிவு செய்வார்கள். அந்த ஊரில் உங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மதியத்துக்கு மேல் காற்று அந்தப் பக்கமிருந்து வரும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

வயது 58. சர்க்கரை, கொஞ்சம் பிரஷர் இருக்கிறது. வெள்ளிங்கிரி ஏழு மலையும் ஏறி ஆண்டவரைப் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டுதல். போகலாமா?
– வாசகர், ஈரோடு

நேரில் கேட்டிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றிருப்பேன். வருடாவருடம் அந்த மலையில் ஏறப் போய் மாரடைப்பில், மூச்சுத் திணறலில் இறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இளைஞர்களும் உண்டு.

முதல் மலையே செங்குத்துப் படி. அங்கேயே பலருக்கு நெஞ்சு அடைக்கும். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று தண்ணீர் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் டோலி கட்டித் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே இரவில் குளிர் எலும்பில் ஏறும். ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளும். மூங்கில் தடியை அடிவாரத்தில் விற்பது அலங்காரத்துக்கு இல்லை, இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்து, அவர் சரி என்றால் மட்டும், பிப்ரவரியிலிருந்து மே வரை வனத்துறை அனுமதிக்கும் நாளில், தனியாக இல்லாமல், மெதுவாகப் போங்கள். முடியாது என்றால் பூண்டி அடிவாரக் கோயிலில் கும்பிட்டாலும் அதே வெள்ளிங்கிரியார்தான். எங்கள் ஆத்தா கடைசிவரை அடிவாரத்தில்தான் கும்பிட்டார்.

கல்லூரி புராஜெக்டுக்காக நொய்யலைப் பார்க்கப் போனேன். உக்கடம் பக்கம் பார்த்தது சாக்கடை. இதுவா மலையில் பிறந்த ஆறு?
– மாணவி, பீளமேடு

கண்ணு, நீ நடுவில் பார்த்துவிட்டாய். முதலிலிருந்து பார். வெள்ளிங்கிரி மலைச்சரிவில் பெரியாறு, சின்னாறு என்று ஓடைகளாக இறங்கி, கூடுதுறையில் சேர்ந்து நொய்யலாகிறது. ஆலாந்துறைப் பக்கம் பருவமழைக்குப் பின் போனால் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர் ஓடும். பேரூரில் பட்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் படித்துறை இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் திதி கொடுக்க ஊரே அங்கே கூடும். அதைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்ததும்தான் நீ பார்த்த நிலை.

புராஜெக்டுக்கு ஆற்றை மட்டும் எடுக்காதே, குளங்களை எடு. நம் முன்னோர் செய்த வேலை அதில்தான் இருக்கிறது. இந்த ஆறு வருடம் முழுக்க ஓடாது, மலையில் மழை பெய்யும்போது சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். அதனால் ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடியில் தொடங்கி வரிசையாகத் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நிரப்பினார்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன்குளம் ஒரு வாய்க்காலில். செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் இன்னொன்றில். ஒன்று நிறைந்து வழிந்தால் அடுத்ததற்குப் போகும். 600 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் நெல்லும் கரும்பும் விளைந்தது இப்படித்தான். மலையில் பெய்த மழையைச் சமவெளியில் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இப்போது பெரியகுளத்தில் நடைபாதையும் விளக்கும் செல்ஃபி எடுக்க எழுத்துகளும் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மாலையில் நானும் நடக்கப் போகிறேன். ஆனால் குளத்துக்கு வருகிற வாய்க்காலில் கழிவுநீர் கலப்பது நிற்காமல் கரையை மட்டும் அழகு செய்து என்ன பயன்? தண்ணீர் நாறுகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது. சித்திரைச்சாவடியிலிருந்து முத்தண்ணன்குளம் வரை வாய்க்கால் கரையிலேயே நடந்து போ. எந்த இடத்தில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று படமெடு. அந்த இடத்தில் என்ன குழாய் வந்து சேர்கிறது என்று எழுது. புராஜெக்டு அதுதான். தோழிகளைக் கூட்டிக்கொண்டு பகலில் போ.

கோவைக்காரர்கள் வாராவாரம் ஊட்டி போவீர்களா?
– வாசகர், மதுரை

இல்லை. விருந்தாளி வந்தால் போவோம். ஏப்ரல், மே கூட்டத்தில் மேட்டுப்பாளையம் தாண்டவே மணிக்கணக்கில் ஆகும். 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். வருவதானால் வாரநாளில், மழைக்குப் பின் வாருங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போங்கள். 1899-ல் போட்ட பாதை, பல் சக்கரம் பிடித்து ஏறுவதைப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு வீசிங். மலைக்காற்று நல்லது என்று கோவைக்குக் கூட்டி வரலாமா?
– வாசகி, சேலம்

காற்றை மட்டும் நம்பி வராதீர்கள். ஜூன், ஜூலையில் மேகாத்து புழுதியை வாரிக் கொண்டுவரும். காலி மனை எல்லாம் பார்த்தீனியக் களைச்செடி, அதன் மகரந்தம் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மார்கழியில் விடியற்காலைப் பனி. ஒரு ஜூலையும் ஒரு டிசம்பரும் வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மெயின் ரோட்டை விட்டுத் தள்ளி, பக்கத்தில் காலி மனை இல்லாத தெருவாகப் பாருங்கள். நல்ல மருத்துவர்களுக்கு இங்கே குறைவில்லை.

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மலை பற்றி என்ன செயல்பாடு கொடுக்கலாம் அக்கா? சுற்றுலா கூட்டிப்போக வசதி இல்லை.
– ஆசிரியை, கோவை மாநகராட்சிப் பள்ளி

சுற்றுலா வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் குழாயில் வரும் நல்ல தண்ணி எந்தத் திட்டத்துத் தண்ணீர் என்று கேட்டு வரட்டும். சிறுவாணியா, பில்லூரா, ஆழியாறா? அம்மாவிடம் கேட்டால் தெரியும், இல்லையென்றால் தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பெரிய காகிதத்தில் கோவை மாவட்ட வரைபடத்தை வரைந்து, தன் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். வீடு, மேல்நிலைத் தொட்டி, குழாய், சுத்திகரிப்பு நிலையம், அணை, ஆறு, கடைசியில் எந்த மலை. வாரம் ஒருநாள் பத்திரிகையில் அணை மட்டத்தைப் பார்த்து வகுப்புச் சுவரில் குறித்து வாருங்கள். பக்கத்திலேயே பள்ளி முற்றத்தில் பெய்த மழையையும் ஒரு பாட்டிலை வெட்டி அளந்து குறியுங்கள். ஜூனில் தொடங்கினால், முற்றத்தில் மழையே இல்லாதபோது அணை ஏறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஏன் என்று அவர்கள் கேட்கும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆர்.எஸ். புரத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம், போகும் முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வரைந்ததில் நல்லதாக நாலைந்து படங்களைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடச் சொல்கிறேன்.